கண்ணிழந்தவரின் பூவேடு: ரும்பியசின் அம்போய்னா மூலிகை நூலைப் புக்கிட் பெலிம்பிங்கிலிருந்து வாசித்தல்

முன்னுரை

சிலாங்கூர் ஆற்றங்கரையில் அமைந்துள்ள புக்கிட் பெலிம்பிங், மின்மினி காண வருவோர் நன்கறிந்த ஊராகும். மாலை மயங்கியபின் படகேறி ஆற்றில் செல்வோர் கரையோர மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் ஒளிர்ந்து அணைவதைக் காண்கின்றனர். அவை தங்கும் மரத்தை மலாய் மக்கள் 'பெரெம்பாங்' என்பர். வந்தவர் கண்கள் மின்மினியையே நாடுகின்றன. மரத்தை நோக்குவோர் சிலர். அம்மரம் பூக்கும் என்பதை அறிந்தோர் அவரினும் சிலர். அந்திக்குப்பின் மலர்ந்து விடியுமுன் உதிரும் செவ்விதழ்ப் பூ அது. வௌவாலும் அந்துப்பூச்சியும் அதன் மகரந்தத்தைப் பரப்புகின்றன.

இப்பெரெம்பாங்கின் அறிவியற் பெயர் சொன்னரேஷியா கேசியோலாரிஸ் என்பதாகும். பெயரின் முற்பகுதி, புதுச்சேரியில் தங்கிக் கீழை நாடுகளைப் பற்றி எழுதிய பிரெஞ்சுப் பயணி பியேர் சொன்னராவை நினைவுகூர்கிறது. பிற்பகுதியோ அம்போன் தீவில் வாழ்ந்து, தம் 42ஆம் வயதளவில் பார்வையை முற்றிலும் இழந்த ஒருவர் இட்ட பெயரிலிருந்து வந்தது. அவரே கியோர்க் எபெர்ஹார்ட் ரும்பியஸ். அவருடைய பெருநூலான அம்போய்னா மூலிகை நூல், மலாய்த் தீவுக்கூட்டத்தின் இயல்தாவரங்களைப் படங்களோடு பதிவு செய்த முதற்பெரும் முயற்சியாகும்.

தாவர ஓவியம் கண்ணின் கலை என்பது பொதுவான கருத்து. இதழின் எண்ணிக்கை, இலையின் விளிம்பு, காம்பின் மயிர் ஆகியவற்றைப் பிழையறக் கண்டு வரைவதே அதன் இலக்கணம் எனப்படும். அவ்வாறாயின் கண்ணற்ற ஒருவர் ஏறத்தாழ 700 படங்கள் கொண்ட தாவர நூலொன்றை எவ்வாறு ஆக்கினார்? அந்நூலின் படங்களை யாருடைய படைப்பாகக் கொள்வது? இவ்வினாக்கள் இன்று உடற்குறையுடைய கலைஞரைப் பற்றியும் இயல்தாவரங்களைக் காப்பது பற்றியும் நாம் பேசும் முறைக்கு என்ன கற்பிக்கின்றன? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூலின் வரலாறு

ரும்பியஸ் 1627இல் ஜெர்மானிய நாட்டில் பிறந்தவர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைவீரராகக் கடலேறி 1653இல் பத்தாவியாவையும், பின்னர் அம்போனையும் அடைந்தார். படைத்துறையை விட்டு வணிக அலுவலரானபின் தீவின் செடிகொடிகளை ஆராயத் தொடங்கினார். 1670இல் அவர் கண்கள் இருண்டன. 1674 பிப்ரவரியில் நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்தில் மனைவியும் மகளும் மாண்டனர். 1687 சனவரியில் நகரில் பரவிய தீ அவருடைய நூலகத்தையும் அதுவரை வரையப்பட்டிருந்த படங்களையும் எரித்தது. மீண்டும் வரைந்து முடித்த முதல் ஆறு பகுதிகளை ஏற்றிச் சென்ற கப்பல் 1692இல் பிரெஞ்சுக்காரரால் மூழ்கடிக்கப்பட்டது. தலைமை ஆளுநர் காம்பைஸ் முன்னெச்சரிக்கையாகப் படியெடுத்து வைத்திருந்தமையால் மட்டுமே நூல் பிழைத்தது. முழுநூலும் நெதர்லாந்தை அடைந்தபின்னும் கம்பெனி அதனை வெளியிடவில்லை. வாசனைப்பொருள் வணிகத்தின் மறைபொருள்கள் வெளிப்படும் என அஞ்சியது. ரும்பியஸ் 1702இல் அம்போனிலேயே காலமானார். யோஹன்னஸ் பர்மனின் பதிப்பில் நூல் 1741 முதல் 1750 வரை ஆறு தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது.

இத்துயர நிகழ்ச்சிகளைப் பட்டியலிட்டு, 'இத்தனைக்கும் நடுவே அவர் சாதித்தார்' என முடிப்பதே ரும்பியசைப் பற்றிய எழுத்துகளின் வழக்கம். நாம் அவ்வழியைத் தவிர்க்க விரும்புகிறோம். கண் போனபின் பணி நின்றுவிடவில்லை என்பது உண்மை. பணி எவ்வாறு நடந்தது என்பதே திறனாய்வுக்குரிய பொருளாகும்.

பல கைகளின் நூல்

பார்வையிழந்தபின் ரும்பியசின் பணிமுறையில் இரு பெரும் மாற்றங்கள் நேர்ந்தன. முதலாவது மொழி. அவர் இலத்தீனில் எழுதத் தொடங்கியிருந்தார். சொல்லக் கேட்டு இலத்தீனில் எழுதவல்லார் அம்போனில் இல்லாமையால் டச்சு மொழிக்கு மாறினார். அறிஞர் மொழியிலிருந்து எழுத்தர் மொழிக்கு இறங்கிய இம்மாற்றம் நூலுக்கு இழப்பாகவில்லை. அது வளத்தையே தந்தது. செடியின் மலாய்ப் பெயரும் அம்போனியப் பெயரும், அதனை உண்போர், மருந்தாக்குவோர், அஞ்சுவோர் பற்றிய செய்திகளும் ஒருவர் மற்றொருவருக்குக் கூறும் பாங்கில் நூலில் அமைந்துள்ளன. இந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்து ஆறு தொகுதிகளாகத் தந்த பேராசிரியர் பீக்மன், ரும்பியசைத் தாவரவியலாளராக மட்டுமன்றி உரைநடை ஆசிரியராகவும் மதிக்க வேண்டும் என வலியுறுத்தியவர். அவர் 2008இல் மறைந்தபின் 2011இல் வெளிவந்த அம்மொழிபெயர்ப்பைப் படிப்போர் அக்கூற்றின் நியாயத்தை உணர்வர்.

இரண்டாவது மாற்றம் ஓவியம். பார்வையிருந்த காலத்தில் ரும்பியஸ் தாமே வரைந்தார். பின்னர் அவருடைய மகன் பவுலஸ் அவுகுஸ்துசும், பிலிப்ஸ் வான் எய்க் என்னும் வரைவாளரும், பீட்டர் டி ரய்ட்டர் என்னும் படைவீரரும் வரைந்தனர். செடியைக் கொணர்ந்தோர் தீவின் மக்கள். பெயர் சொன்னோரும் அவர்களே. செடியைத் தொட்டும் முகர்ந்தும் சுவைத்தும் அறிந்து, முன்பு கண்டதன் நினைவோடு ஒப்பிட்டு, இன்னவாறு வரைக என்றவர் ரும்பியஸ். எனவே இந்நூலின் ஒவ்வொரு படமும் ஒருவர் கையில் பிறந்தது. பலர் அறிவில் உருவானது.

இது ரும்பியசின் குறையினால் நேர்ந்த விதிவிலக்கு என ஒதுக்கிவிட இயலாது. தாவர ஓவியத்தின் வரலாற்றை நோக்கின், கண்ணுடையோர் ஆக்கிய நூல்களிலும் இதே அமைப்பைக் காண்கிறோம். ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை சென்னை மாநிலத்திலிருந்து வெளியிட்ட தென்னிந்தியத் தாவரப் படநூலில் 2101 படங்கள் உள்ளன. வைட் கண்ணுடையவர், ஆயினும் அப்படங்களை வரைந்தோரில் முதன்மையானவர்கள் ரங்கையாவும் கோவிந்துவும் ஆவர். மலபாரின் தாவரங்களைப் பன்னிரண்டு தொகுதிகளில் தந்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் நூலும் இட்டி அச்சுதன் முதலிய நாட்டு மருத்துவரின் அறிவின்றி அமைந்திராது. கண்ணுள்ளவரின் நூலில் இக்கூட்டுழைப்பு மறைந்து நிற்கிறது. ரும்பியசின் நூலில் அது மறைய வழியில்லை. வேறுபாடு இவ்வளவே எனலாம்.

பெயரிடும் நேர்மையிலும் ரும்பியஸ் கருதத்தக்கவர். வெண்ணிறப் பெரும்பூ ஒன்றுக்குத் தம் மனைவி சுசன்னாவின் பெயரை இட்டார். செடி தேடும் பணியில் தமக்கு முதல் துணையாக இருந்தவர் அவரே என்றும், அப்பூவைக் காட்டியவரும் அவரே என்றும் காரணம் கூறினார். லின்னேயஸ் அப்பெயரை ஏற்றமையால் அந்த ஆர்க்கிட் இன்றும் பெக்டெய்லிஸ் சுசன்னே என வழங்குகிறது. வைட்டும் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரைச் சூட்டினார். அது பின்னர் வேறொரு பேரினத்துள் அடங்கிப் பெயர் வழக்கொழிந்தது. பெயர் பெறுதலும் இழத்தலும் இத்துறையில் எத்துணை எளிதில் நிகழ்கின்றன என்பதற்கு இவை சான்றாகும்.

அகக்கண் என்னும் புகழுரை

ரும்பியசின் உருவப்படமாக நமக்குக் கிடைப்பது மகன் வரைந்த ஒன்றேயாகும். 1705இல் வெளிவந்த அம்போய்னா அரும்பொருளகம் என்னும் அவருடைய மற்றொரு நூலில் அது அச்சாகியுள்ளது. முதியவர் மேசையின்முன் அமர்ந்துள்ளார். அவர் கைகள் முன்னே பரப்பப்பட்ட இயற்கைப் பொருள்கள்மீது உள்ளன. கீழே பொறிக்கப்பட்ட இலத்தீன் வரிகள், அவர் குருடராயினும் மனக்கண் எவரினும் கூரியது எனப் போற்றுகின்றன.

படமும் வரிகளும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன என்பது நம் கருத்து. வரிகள் மனக்கண்ணைப் பேசுகின்றன. மகனின் ஓவியமோ கைகளைக் காட்டுகிறது. தந்தை எவ்வாறு அறிந்தார் என்பதை நாள்தோறும் அருகிருந்து கண்டவர் மகன். தொட்டு அறிந்தார் என்பதே அவர் தரும் சாட்சியம். அகக்கண் என்னும் புகழுரையோ அவ்வுழைப்பை மறைத்து, அதனை ஓர் அருளாக மாற்றிவிடுகிறது.

இப்புகழுரை இன்றும் ஓயவில்லை. பிறப்பிலேயே ஒரு கண் பார்வையற்று, மறு கண்ணும் மங்கலாகி, நடுவயதில் அறுவை மருத்துவத்துக்குப்பின் முழுப் பார்வையும் இழந்த சாந்திநிகேதன் ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜியைப் பற்றி அவர் மாணவர் சத்யஜித் ராய் 1972இல் எடுத்த ஆவணப்படத்தின் பெயரே 'தி இன்னர் ஐ', அதாவது அகக்கண். படம் சிறந்தது. எனினும் அதில் நம்மைக் கவர்வது, பார்வையற்ற ஓவியர் தம் விரல்களால் தாளின் அளவை உணர்ந்து பணிபுரியும் பகுதிகளேயாகும். அங்கும் தலைப்புச் சொல்வதைவிடக் கைகள் மிகுதியாகச் சொல்கின்றன.

இதற்கு எதிர்ப்புறமான தவறும் உண்டு. ரும்பியசின் நூலில் மணமும் சுவையும் தொடுகையும் மிகுதியாக வருவதைக் கண்டு, 'கண்ணில்லாமையால் ஏனைய புலன்கள் கூர்மையுற்றன' என விளக்குவோர் உளர். இவ்விளக்கத்தை நாம் எளிதில் ஏற்றல் ஆகாது. நூலின் ஒரு பகுதி பார்வையிருந்த காலத்திலேயே திரட்டப்பட்டது. பின்னர்த் திருத்தியும் விரித்தும் சொல்லப்பட்டது. எந்த வரி எக்காலத்தது எனப் பிரித்தல் அரிது. மேலும், மூலிகை நூல் என்னும் வகையே மணத்தையும் சுவையையும் வேண்டுவதாகும். மருந்தின் குணத்தை நாவால் அறிதல் ஐரோப்பிய மரபிலும் நம் சித்த மரபிலும் பொதுவானதே. ஆகவே உடற்குறையைக் கொண்டு நூலின் ஒவ்வோர் இயல்பையும் விளக்குதல், நூலை வாசியாது ஆசிரியரின் உடலை வாசிப்பதாகிவிடும்.

படங்களின் தகுதியும் குறையும்

பாராட்டோடு நின்றுவிடாமல் படங்களின் குறையையும் கூறுதல் கடன். இணையத்தில் எண்மப் படிகளாகக் காணக் கிடைக்கும் தொகுதிகளை நாம் புரட்டியபோது, படங்கள் தரத்தில் ஒத்திராமை தெளிவாகப் புலப்பட்டது. கிளையும் இலையும் கனியும் பெரும்பாலும் உறுதியாக வரையப்பட்டுள்ளன. பூவின் உள்ளுறுப்புகளோ பலவற்றில் போதிய தெளிவு பெறவில்லை. தீயில் எரிந்தவற்றை மீண்டும் வரைந்தமை, வரைவாளர் பலராதல், பிற்காலத்தில் வேறொரு நாட்டில் செடியைக் காணாத கைவினைஞர் செப்புத்தகட்டில் பொறித்தமை ஆகியன காரணங்களாகும். வரைந்ததைத் தலைமகனே கண்ணால் சரிபார்க்க இயலாமையும் ஒரு காரணமாகலாம். மகரந்தத்தாள்களின் எண்ணிக்கையைக் கொண்டு தாவரங்களை வகைப்படுத்திய லின்னேயசுக்கு இது பெரும் இடையூறாயிற்று. ரும்பியஸ் குறித்த செடிகளை இனங்காணும் பணி நெடுங்காலம் நீடித்தது. அமெரிக்கத் தாவரவியலாளர் மெரில் 1917இல் மணிலாவில் வெளியிட்ட விளக்கநூலே அதற்கு உறுதியான அடித்தளம் இட்டது. அப்பணிக்காக அம்போன் சென்று செடி திரட்டிய ராபின்சன் 1913இல் அங்கேயே கொல்லப்பட்டார் என்பது வருந்தத்தக்கது.

குறைகள் இருப்பினும் இப்படங்களின் தகுதி தனித்தன்மை வாய்ந்தது. ரும்பியசின் உலர்செடித் தொகுப்பென்று எதுவும் இன்று சான்றாக நில்லாமையால், லின்னேயஸ் அவர் நூலை அடிப்படையாகக் கொண்டு இட்ட பெயர்கள் பலவற்றுக்கு அப்படங்களே மூலச்சான்றாக விளங்குகின்றன. ஒரு செடி எது என்னும் ஐயம் எழும்போது அறிஞர் திரும்பிச் செல்வது பார்வையற்றவர் ஒருவரின் மேற்பார்வையில் வரையப்பட்ட படத்திற்கேயாகும். நூலின் மூன்றாம் தொகுதியில் ரும்பியஸ் 'மாங்கியம் கேசியோலாரே' எனப் பெயரிட்டு, செந்நிறம், வெண்ணிறம் எனப் பகுத்துக் காட்டிய கண்டல் மரங்களில் செந்நிற வகையே நம் பெரெம்பாங். கேசியோலாரே என்பது சிறு பாலாடைக்கட்டியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடிப் பிறந்தது. 1754இல் லின்னேயசின் வழிகாட்டலில் ரும்பியசின் நூலைப் பற்றி எழுந்த ஆய்வேட்டில் அச்சொல் அறிவியற் பெயராயிற்று.

அதே சதுப்புநிலக் கரையில் வளரும் மற்றொரு மரம் தமிழர்க்கு மிகவும் வேண்டியது. தில்லை என நாம் போற்றும் அம்மரம் சிதம்பரத்துக்குப் பெயர் தந்தது. பிச்சாவரம் கழிகளில் இன்றும் செழித்துள்ளது. அதன் பால் கண்ணிற்பட்டால் பார்வை மறைக்கும். மலாயில் அதற்குப் 'புத்தா புத்தா' என்று பெயர். புத்தா என்றால் குருடு. ரும்பியஸ் அதனை இலத்தீனில் 'குருடாக்கும் மரம்' என்றே வழங்கினார். அதன் பேரினப் பெயரான எக்சோகேரியாவும் அப்பொருளையே தாங்கியுள்ளது. கண்ணிழந்த ஒருவர் இப்பெயரை ஏட்டில் ஏற்றியபோது என்ன எண்ணினார் என ஊகித்தல் நம் வேலையன்று. மூன்று மொழி மரபுகள் ஒரே மரத்தைத் தத்தம் வழியில் அறிந்திருந்தன என்பதே நாம் கொள்ள வேண்டிய செய்தி.

ஓவியமும் காப்பும்

ரும்பியஸ் இக்காலப் பொருளில் இயற்கைக் காப்பாளர் அல்லர். அவர் ஊழியம் புரிந்த கம்பெனி, கிராம்பு விலையைக் காப்பதற்காக அம்போனுக்குப் புறத்தே உள்ள தீவுகளில் கிராம்பு மரங்களை வெட்டி அழித்தது. அந்நிறுவனத்தின் சம்பளத்தில் வாழ்ந்தவாறே அவர் தீவின் செடிகளைப் பதிவு செய்தார். இம்முரண் நூலின் பின்னணியில் எப்போதும் உள்ளது.

ஓவியம் தானே செடியைக் காத்துவிடும் என்பதும் மெய்யன்று. 1876இல் சரவாக் வந்த ஆங்கில ஓவியர் மரியன் நார்த் அங்குள்ள பெருங்குடுவைச் செடியொன்றை வரைந்தார். பின்னாளில் செவித்திறன் குன்றிய அவ்வம்மையாரின் ஓவியங்களுக்காக 1882இல் கியூ தோட்டத்தில் தனிக்கூடம் திறக்கப்பட்டது. அவ்வோவியத்தைக் கண்ட நாற்றங்கால் வணிகர் ஆள் விடுத்து அச்செடியைத் திரட்டினர். அது நெப்பந்தஸ் நார்த்தியானா என அவர் பெயரையே பெற்றது. இன்றும் சேகரிப்போரால் அச்சுறுத்தப்படும் இனமாகவே உள்ளது. படம் செடியின்பால் அன்பையும் வளர்க்கும், ஆசையையும் வளர்க்கும்.

சிலாங்கூர் ஆற்றின் நிலை வேறு வகையானது. இங்குப் பெரெம்பாங்கை எவரும் ஆசையால் கவர்ந்து செல்லவில்லை. பொருட்படுத்தாமையே அதற்குப் பகையாயிற்று. கரையை வெட்டிச் செம்பனை நட்டமை, கரையோர விளக்கொளி, மேற்புறம் கோல குபு பாரு அருகே 2000களின் தொடக்கத்தில் அணை எழுந்தபோது நன்னீருக்கும் உவர்நீருக்கும் இடையிலான சமன் குலையும் என எழுந்த அச்சம் ஆகியன யாவரும் அறிந்தவை. பின்னர் மின்மினிக்காகக் குரல்கள் எழுந்தன. 2010இல் கூடிய அனைத்துலக மாநாடு மின்மினிக் காப்புக்கென வெளியிட்ட அறிக்கை இம்மாநிலத்தின் பெயரைத் தாங்கியது. ஆயினும் மரத்தின் பூவை அறியாது மின்மினியை மட்டும் காக்க இயலுமா என்னும் வினா எஞ்சுகிறது.

தோட்டத்தில் எஞ்சும் அறிவு

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களைத் தொகுத்தார் என வகுப்பறையில் நாம் பெருமையுடன் கூறுகிறோம். ஆனால் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தமிழர் வாழ்ந்த வட சிலாங்கூர்த் தோட்டங்களின் செடிகொடிகளைப் பற்றித் தமிழில் ஒரு படநூலேனும் நம்மிடம் உண்டா? பால்மரமும் செம்பனையும் வெளியிலிருந்து வந்தவை. வேலியோரத்துத் தொட்டாற்சிணுங்கியும் உண்ணிப்பூவும் அமெரிக்கக் கண்டத்தினின்று பரவியவை. இவற்றின் நடுவே செண்டுடுக்கின் ஊதாப்பூ போன்ற மண்ணின் பூக்கள் ஓரங்களில் எஞ்சியுள்ளன. எது வந்தது, எது இருந்தது எனப் பிரித்துக் கூறும் தமிழ் நூல் இல்லாமையால் நம் மாணவர்க்கு எல்லாம் 'காட்டுச்செடி' என்னும் ஒரே சொல்லில் அடங்குகின்றன.

சில ஆண்டுகளுக்குமுன் மாணவர் சிலருடன் புக்கிட் பெலிம்பிங் சென்றிருந்தோம். அங்கு நாம் சந்தித்த மூதாட்டி ஒருவர் இளமையில் பால்வெட்டியவர், நீரிழிவினால் பார்வையிழந்தவர். மாணவி ஒருவர் வரப்பில் பறித்த இலைகளின் பெயரை அறியாது கைப்பேசியில் படமெடுத்துத் தேடிக்கொண்டிருந்தார். அதனைக் கேட்டிருந்த மூதாட்டி, "கையில கொடு பாப்பா, எனக்குக் கண்ணுதானே தெரியல" என்றார். விளிம்பை விரலால் வருடி, கசக்கி முகர்ந்து, ஒன்றை வல்லாரை என்றும் மற்றொன்றைக் குப்பைமேனி என்றும் கூறினார். வல்லாரைக்கு மலாய்ப் பெயர் பெகாகா என்பதையும், அதனை அண்டைவீட்டு மலாய்ப் பெண்கள் எவ்வாறு உண்பர் என்பதையும் சேர்த்துச் சொன்னார். அதே செடியை ரும்பியஸ் இலையின் வடிவம் நோக்கிக் 'குதிரைக் குளம்பு' எனப் பெயரிட்டிருப்பதை நாம் பின்னரே கண்டோம்.

அம்மூதாட்டியின் அறிவை அகக்கண் எனப் புகழ்ந்துவிட்டு நாம் திரும்பியிருக்கலாம். உண்மையில் நிகழ்ந்ததும் அதுவே. குறிப்பேட்டில் இரண்டு பெயர்களை எழுதிக்கொண்டோமேயன்றி, அவர் சொல்ல ஒருவர் எழுதவும் மற்றொருவர் வரையவும் ஏற்பாடு செய்யவில்லை. மறுமுறை சென்றபோது அவர் அங்கில்லை. மகனுடன் நகருக்குச் சென்றுவிட்டதாகக் கூறினர். இப்பிழை எம்முடையது என்பதை ஒப்புதல் தகும்.

முடிவுரை

ரும்பியசின் நூலிலிருந்து நாம் பெறுவன மூன்று. முதலாவதாக, தாவர ஓவியம் ஒருவர் கண்ணில் மட்டும் நிகழ்வதன்று. தொடுவோர், சொல்வோர், எழுதுவோர், வரைவோர் ஆகியோர் கூடிச் செய்வது. ஆகையால் உடற்குறையுடையோர் அதில் பங்கேற்பது வியப்புக்குரிய விதிவிலக்கன்று. அக்கலையின் இயல்புக்கு முற்றிலும் ஒத்ததாகும். இரண்டாவதாக, அத்தகையோரின் படைப்பை மதிப்பிடுகையில் அகக்கண் என்னும் புகழுரையும் இரக்கமும் ஒருங்கே தடையாகும். படத்தின் நிறைகுறையை ஏனையோர் படத்தைப் போலவே ஆராய்தல் வேண்டும். மூன்றாவதாக, பங்கேற்றோர் பெயர் பதிவாதல் வேண்டும். சுசன்னாவின் பெயர் ஒரு பூவில் நிலைத்தது. செடி கொணர்ந்த அம்போன் மக்களுள் பலர் பெயரின்றி மறைந்தனர்.

தோட்டங்கள் கைமாறிக் குடியிருப்புகளாகிவரும் இந்நாளில், வட சிலாங்கூரின் இயல்தாவரங்களைத் தமிழ், மலாய்ப் பெயர்களுடனும் படங்களுடனும் தொகுக்கும் பணியைப் பல்கலைக்கழகத் தமிழ்ப்பிரிவுகள் தாவரவியல் துறையுடன் இணைந்து மேற்கொள்ளல் இயலும். பெயரறிந்த முதியோர் பலர் பார்வை மங்கியோ நடை தளர்ந்தோ உள்ளனர். அவர்களைத் தகவலாளர் எனக் குறிப்பில் ஒதுக்காமல் நூலின் ஆசிரியருள் ஒருவராகவே கொள்ளுதல் வேண்டும். முதற்படமாகப் பெரெம்பாங்கின் பூவை வரையலாம். அது இரவில் மலர்வது. எனவே வரைய விழைவோர் மின்மினி காண வந்தோர் கரையேறியபின்னும் சற்றுநேரம் படகில் தங்கியிருக்க வேண்டிவரும்.